சிட்னி – புரோக்கன் ஹில் – அடிலெய்டு: இந்த வறட்சியில கார்ல போகலாமா?

தூங்காபிக்காரன்
9 செப்டம்பர் 2019

எல்லாருக்கும் வணக்கம். இந்த ஸ்கூல் லீவுக்கு வழக்கம்போல கடலோரம் போகாம உள்நாட்டுப் பக்கம் போகலாம்னு ஒரு ஆசை. சிட்னியில கிளம்பி டபோ, நிங்கன், கோபார், வில்கேனியா, புரோக்கன் ஹில், அங்கேருந்து அடிலெய்டு. திரும்பும்போது மில்டூரா, ஹே, வாகா வழியா வீடு. அக்டோபர் 5 கிளம்பி 13 ராத்திரி வந்து சேரணும். வண்டி 2012 கரோலா. நான், மனைவி, எட்டு வயசுப் பொண்ணு, அம்பாசமுத்திரத்துலேருந்து வந்திருக்கிற அம்மா.

இந்த ரோட்டுல கரோலா தாங்குமா? பெட்ரோல் எங்கெங்க கிடைக்கும்? அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கிறாங்க, அதுக்கு ஏதாவது யோசனை வேணுமா? சிட்னியிலயே ஜூன்லேருந்து தோட்டத்துக்குத் தண்ணி விடக் கட்டுப்பாடு. அங்க குடிக்கத் தண்ணியாவது இருக்கா?

இன்னொண்ணு. ரூட்டைக் காட்டினதும் வீட்ல கேட்டாங்க: "ஆடு மாடு செத்துக் கெடக்குற ஊருக்குப் போயி நின்னு போட்டோ எடுக்கப் போறீங்களா?" எனக்குப் பதில் வரல. இதையும் யாராவது சொல்லுங்க.

மருந்துக்கடை அக்கா
10 செப்டம்பர் 2019

தம்பி, நான் இருக்கிறதே புரோக்கன் ஹில்லுல. 2017லேருந்து இங்க ஒரு கடையில பார்மசிஸ்ட். வீட்டுக்காரரும் பையனும் சிட்னி பாரமட்டாவுல. ஒன்றரை மாசத்துக்கு ஒரு தடவை இந்த பேரியர் ஹைவேயில போயிட்டு வந்துக்கிட்டு இருக்கேன். ஒரு பக்கம் 1150 கிலோமீட்டர், நடுவுல ஒரு ராத்திரி தங்கல். என் வண்டி உங்களுதைவிடப் பழசு. முழுக்கத் தார் ரோடு, கரோலா தாராளமாப் போகும். வில்கேனியாவுலேருந்து மெனிண்டீக்குக் குறுக்கே ஒரு மண் ரோடு மேப்ல தெரியும், அதுல மட்டும் இறங்கிடாதீங்க. மெனிண்டீ பார்க்கணும்னா இங்க வந்துட்டு 110 கிலோமீட்டர் தார் ரோட்டுல போங்க.

பெட்ரோல்ல பெரிசா ஒண்ணும் இல்ல. கோபார்ல ஃபுல் பண்ணுங்க. அங்கேருந்து வில்கேனியா 260 கிலோமீட்டர், நடுவுல எம்டேல் ரோட்ஹவுஸ். வில்கேனியாவுலேருந்து இங்க இன்னொரு 195. ராத்திரி பங்க் திறந்திருக்கும்னு நம்பி ஓட்டாதீங்க, அவ்வளவுதான்.

கங்காருதான் விஷயம். நிங்கன் தாண்டினதும் கவனிச்சுப் பாருங்க. ரெண்டு பக்கமும் கண்ணுக்கெட்டின வரைக்கும் செம்மண்ணு, ஒரு புல் கிடையாது. தார் ஓரத்துல மட்டும் ரெண்டு முழம் அகலத்துக்கு சேலைக்குக் கரை வச்ச மாதிரி பச்சையா ஒரு கோடு ஓடும். ராத்திரிப் பனியும் எப்பவாவது விழுற தூத்தலும் தார்ல இறங்க வழியில்லாம வழிஞ்சு ஓரத்துல சேருது, அதுல முளைக்கிற புல்லு. இந்த வருஷம் அந்தக் கோடுதான் மொத்தக் காட்டுக்கும் சாப்பாடு. அதனால கங்காரு, ஈமு, காட்டு வெள்ளாடு எல்லாம் ரோட்டோரத்துலதான் நிக்கும். சூரியன் வந்து ஒரு மணி நேரம் கழிச்சுக் கிளம்புங்க, அடையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ரூம் போய்ச் சேர்ந்திருங்க. குறுக்கே வந்தா ஸ்டீரிங்கை ஒடிக்கவே கூடாது, நேரா பிரேக். இங்க நிறைய வண்டி கவிழ்றது கங்காருவைத் தப்பிக்க விடணும்னு ஒடிக்கிறதாலதான். செத்ததைத் தின்னுக்கிட்டு நடுரோட்டுல பெரிய கழுகு உட்கார்ந்திருக்கும். கனமான பறவை, எழும்ப நேரமாகும், சில சமயம் நம்ம பக்கமே எழும்பும். தூரத்துலயே வேகத்தைக் குறைங்க.

நானும் ஒரு தடவை இடிச்சேன். போன வருஷம் ஜூன்ல, கடையை மூடிட்டுக் கிளம்பினதே தப்பு. ஊர் தாண்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், இருட்டுற நேரம், இடது பக்கத்துலேருந்து வந்து விழுந்துச்சு. ரேடியேட்டர் போச்சு. பின்னால வந்த லாரிக்காரர் நிறுத்தினார். முதல்ல என்னைப் பார்த்தார், அப்புறம் நேரா கங்காருகிட்ட போய் மண்டி போட்டு அதோட பைக்குள்ள கையை விட்டார். குட்டி உயிரோட இருக்கான்னு பார்க்கணுமாம், இங்க எல்லாருக்கும் அது பழக்கம். ஒண்ணும் இல்ல. "இந்த வறட்சியில இதுங்க குட்டியே போடாது"ன்னார். ரெண்டு பேருமா ஓரத்துக்கு இழுத்தோம். அவ்வளவு பெரிய உருவத்துல கனமே இல்ல, தோலுக்குள்ள எலும்பைப் போட்டுக் கட்டின மாதிரி. நான் முதுகுளத்தூர் பக்கம், வறட்சி பார்க்காதவ இல்ல. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கல.

அம்மாவோட மருந்துக்கு: இன்சுலினை எஸ்கியில (அதான், ஐஸ் பெட்டி) வைங்க, ஆனா ஐஸ் மேல நேரா படக்கூடாது, ஒரு துண்டுல சுத்துங்க. உறைஞ்சு போன இன்சுலின் குப்பைக்குத்தான். நிறுத்தின கார்ல விட்டுட்டு இறங்கக் கூடாது. மாத்திரை அஞ்சு நாளைக்குக் கூடுதலா கொண்டு வாங்க, வழியில சின்ன ஊருங்கள்ல கேட்டது கிடைக்காது. அக்டோபர் 6 ஞாயிறு டேலைட் சேவிங், கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால போகும். மறுநாள் புரோக்கன் ஹில்லுக்குள்ள வந்தா அரை மணி பின்னால, நாங்க தெற்கு ஆஸ்திரேலிய நேரம். ஊசி நேரத்தைத் தாள்ல எழுதி வைங்க, போனை நம்பாதீங்க.

தண்ணி. எங்க ஊருக்கு இந்த வருஷத்துலேருந்து வென்ட்வர்த்துலேருந்து மரே ஆத்துத் தண்ணி 270 கிலோமீட்டர் குழாயில வருது. நாங்க பிழைச்சோம். அதுக்கு முன்னால எங்களுக்குத் தண்ணி வந்தது மெனிண்டீ ஏரியிலேருந்து. அந்த மெனிண்டீக்காரங்க இப்ப அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியா பாட்டில் தண்ணி வாங்கிக் குடிக்கிறாங்க. குழந்தைக்குக் குளிப்பாட்டினா உடம்பு தடிக்குதுன்னு களிம்பு கேட்டு எங்க கடைக்கு வருவாங்க. போன டிசம்பர்லயும் இந்த ஜனவரியிலயும் அங்க டார்லிங் ஆத்துல லட்சக்கணக்குல மீன் செத்து மிதந்துச்சே, டிவியில பார்த்திருப்பீங்க. ஓடாம தேங்கின தண்ணியில நீலப்பச்சைப் பாசி. மேல் தண்ணி சுடும், அடித்தண்ணி குளிரும், அடியில ஆக்சிஜன் கிடையாது. திடீர்னு ஒரு குளிர்காத்து அடிச்சு மேலயும் கீழயும் கலந்ததும் எல்லாம் மூச்சு முட்டிச் செத்துச்சு. அதுல மரே காட் மீன் சிலது ஆள் தூக்கத் திணறுற சைஸ். மழை இல்லாததை மட்டும் காரணமாச் சொன்னா மெனிண்டீக்காரங்க சண்டைக்கு வருவாங்க. 2016-17ல ஏரித் தண்ணியைத் திறந்து விட்டதையும் ஆத்துக்கு மேல்பக்கம் பருத்தி விவசாயத்துக்குத் தண்ணி எடுத்ததையும் சேர்த்துத்தான் சொல்லுவாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது.

நீங்க குடிக்க 20 லிட்டர் சிட்னியிலயே பிடிச்சுட்டு வாங்க. வழியில இருக்கிற சின்ன ஊர்க் குழாயில கேன் நிரப்பாதீங்க. குளியல் மூணு நிமிஷம்.

உங்க வீட்ல கேட்டதுக்கு வர்றேன். பிரஷர் மாத்திரை வாங்க வர்ற ஒரு பெரியவர் போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அவரோட செம்மறிப் பண்ணைக்குக் கூப்பிட்டார். தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகாம இப்ப மல்கா மரத்துக் கிளையை அறுத்துப் போடுறார். மல்கான்னா நம்ம கருவேலத்துக்குப் பங்காளி, இலை சாம்பல் பச்சை. மோட்டார் ரம்பத்தோட கயித்தைச் சுண்டி இழுத்தார். டர்ர்ருனு சத்தம் கேட்டதுதான் தாமசம், எங்க இருந்துச்சோ, புழுதியைக் கிளப்பிக்கிட்டு முன்னூறு ஆடு எங்களைப் பார்த்து ஓடி வருது. மரம் விழுறதுக்கு முன்னாலயே கீழ வந்து நின்னுக்கிட்டு அண்ணாந்து பார்க்குது. ரம்பச் சத்தம்தான் அதுங்களுக்குச் சாப்பாட்டு மணி.

ஒண்ணு மட்டும் வரல. அது டேம்ல. இங்க டேம்னா மேட்டூரை நினைச்சுக்காதீங்க, பண்ணைக்குள்ள புல்டோசர் வச்சுத் தோண்டின குட்டை, நம்ம ஊருணியில பாதி இருக்கும். நடுவுல மிச்சம் இருக்கிற கலங்கல் தண்ணியைக் குடிக்க இறங்கி வயிறு மட்டும் சேத்துல புதைஞ்சு நிக்குது. நானும் ஒரு காலைப் பிடிச்சு இழுத்தேன். மேல கொண்டு வந்து போட்டோம், எழுந்திரிக்கல. பெரியவர் வண்டியிலேருந்து துப்பாக்கியை எடுக்கும்போது நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

திரும்பி வரும்போது அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "லீவுக்கு சிட்னிக்காரங்க வருவாங்களா?" அவரோட மருமக ஊர்ல பேக்கரி வச்சிருக்கா. இப்ப அந்தக் குடும்பத்துக்கு ரொக்கமா காசு வர்றது அது ஒண்ணுலதான்.

அதனால வாங்க. ஆனா சிட்னியிலயே டிக்கி நிறைய சாமான் வாங்கி அடைச்சுக்கிட்டு வந்து, இங்க கழிவறையை மட்டும் உபயோகிச்சுட்டுப் போகாதீங்க. ரொட்டி, பெட்ரோல், ரூம், காபி எல்லாம் வழியில வாங்குங்க. செத்த ஆட்டை போட்டோ எடுக்கணும்னா வேலிக்கு வெளியே நின்னு எடுத்துக்குங்க, அதையும் ஊருக்குள்ள யாருக்கும் காட்டாதீங்க.

பயணி_77
10 செப்டம்பர் 2019

பேசாம போக வர ரெண்டுக்கும் ஹே, மில்டூரா ரூட்டையே எடுங்க. இந்தப் பக்கம் பார்க்க ஒண்ணும் கிடையாது. அப்படியே போனாலும் வில்கேனியாவுல நிறுத்தாதீங்க, குடும்பத்தோட போறீங்க, ஜன்னலை ஏத்திட்டு நேரா போயிடுங்க. இது என் அனுபவம் இல்ல, பல பேர் சொல்லிக் கேட்டது.

மருந்துக்கடை அக்கா
10 செப்டம்பர் 2019

பயணி, சொல்லிக் கேட்டதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டதால கோபம் வரல. நான் வில்கேனியாவுல முப்பது தடவையாவது நிறுத்தியிருப்பேன். ஒரு தடவை டயர் மாத்த உதவினாங்க, இன்னொரு தடவை ஒரு பாட்டி என் டீயில சர்க்கரை பத்தலன்னு அவங்களே எடுத்துப் போட்டாங்க. அது பார்க்கான்ஜி மக்கள் ஊர். டார்லிங்குக்கு அவங்க வச்ச பேர் பாக்கா, அவங்க பேர்லயே அந்த ஆறு இருக்கு. 2015ல கோர்ட்டு இது அவங்க மண்ணுன்னு ஒத்துக்கிச்சு. மண்ணு வந்த நேரம் ஆத்துல தண்ணி இல்ல. ஒரு காலத்துல நீராவிப் படகுல கம்பளி மூட்டை ஏத்தின துறைமுகம் அது. படகு போறதுக்காக நடுப்பாகத்தை மேல தூக்குற மாதிரி 1896ல கட்டின இரும்புப் பாலம் இன்னும் நிக்குது. தம்பி, அங்க நிறுத்துங்க, அம்மாவை அந்தப் பாலத்துல நடக்கச் சொல்லுங்க.

லொறி அண்ணை
11 செப்டம்பர் 2019

தம்பி, நான் அடிலெய்ட்டில இருக்கிறன். கிழமைக்கு ரெண்டு தரம் புரோக்கன் ஹில்லுக்கு லொறி ஓடுறன். அக்கா எல்லாம் வடிவாச் சொல்லிப்போட்டா. நான் என்ர பக்கத்தால ஒரு ரெண்டு கதை சொல்லுறன்.

நிங்கனுக்கு அங்கால ரோட் ட்ரெயின் எண்டு நீட்டு லொறி வரும். ரெண்டு பெட்டி, 36.5 மீற்றர் நீளம். உங்கட கரோலாவை மாதிரி எட்டு வாகனம் வரிசையில நிக்கிறதெண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. முந்துறதெண்டால் முன்னுக்கு ஒண்டரைக் கிலோமீற்றர் வெளிச்சாத் தெரியவேணும். தெரியாட்டி பின்னாலயே வாங்கோ, ஆனா ஒட்டிக்கொண்டு வராதேங்கோ, என்ர கண்ணாடியில உங்களைக் காணேலாது. எதிர வந்தால் காத்து ஒரு தள்ளுத் தள்ளும், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடியுங்கோ. எனக்கு முன்னால வந்து திடீரெண்டு பிரேக் அடிச்சு கங்காருவைப் படம் எடுக்கிற ஆக்கள் இருக்கினம். நான் நிப்பாட்ட எனக்கு எவ்வளவு தூரம் வேணுமெண்டு அவைக்குத் தெரியாது. ஒரு யூஎச்எஃப் றேடியோ இரவல் வாங்கி வைச்சிருந்தால் 40ஆவது சனலில எங்கட கதை கேக்கலாம். நல்ல கதையாத்தான் இருக்குமெண்டு சொல்லமாட்டன், பிள்ளையும் வாகனத்தில எல்லோ.

மற்றது, புரோக்கன் ஹில்லில இருந்து இங்கால வரேக்க ஊட்லா விர்ராவில பழ ஈச் சோதனை இருக்கு. தேசிக்காய், தக்காளி, பச்சை மிளகாய், மாம்பழம் ஒண்டும் கொண்டு வராதேங்கோ. பிடிபட்டால் தண்டம். அம்மா மடியில முடிஞ்சு வைச்சிருந்தாலும் தண்டம்தான்.

தூங்காபிக்காரன்
11 செப்டம்பர் 2019

அக்கா, அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தேசிக்காய்னா எலுமிச்சையா? 7ஆம் தேதி ஆயுத பூஜை. அன்னைக்கு புரோக்கன் ஹில்லுல இருப்போம். அம்மா டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்காம ஒரு அடி நகர மாட்டாங்க.

லொறி அண்ணை
11 செப்டம்பர் 2019

ஓமோம், எலுமிச்சைதான். புரோக்கன் ஹில்லிலயே நசிச்சுப்போட்டு வாங்கோ.

தூங்காபிக்காரன்
16 அக்டோபர் 2019

போயிட்டு வந்துட்டோம். நல்லபடியா, ஒரு கல்லடி தவிர. எதிர்ல வந்த லாரி டயர்லேருந்து ஒண்ணு தெறிச்சு விண்ட்ஸ்கிரீன்ல எட்டணா அளவுக்கு விரிசல். அது அண்ணன் இல்லைன்னு நம்புறேன்.

டபோ வரைக்கும் பொண்ணு "எங்க வறட்சி, எங்க வறட்சி"ன்னு கேட்டுக்கிட்டே வந்தா. நிங்கன் தாண்டினதும் கேக்கிறதை நிறுத்திட்டா. செத்த கங்காருவை எண்ண ஆரம்பிச்சு, கோபாருக்கு முன்னால 140ல அதையும் நிறுத்திட்டா. அக்கா சொன்ன அந்தப் பச்சைக் கரையை மனைவிதான் முதல்ல பார்த்துக் காட்டினாங்க. அதுக்கப்புறம் எனக்கு வேற எதுவுமே கண்ணுல படல.

வில்கேனியாவுல நிறுத்தினோம். பாலத்துல அம்மா கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் கீழ பார்த்துட்டு நின்னாங்க. பச்சைப் பாசி பிடிச்ச ஒரு குட்டை, மத்தபடி சாம்பல் நிறத்துல வெடிச்ச களிமண். "ஆறு எங்கடா?"ன்னாங்க. இதுதான்மான்னேன். "மணலை எல்லாம் அள்ளிட்டாங்களா?"ன்னு கேட்டாங்க. சிரிப்பு வந்துடுச்சு, அப்புறம் சிரிக்க முடியல. தாமிரபரணிக் கரையில பொறந்து வளர்ந்தவங்களுக்கு, ஆறு காஞ்சா முதல்ல தோணுறது அதுதான். இங்க மணலே கிடையாதும்மா, அடியெல்லாம் களிமண்ணுதான்னு சொன்னேன், நம்பல. மணல் இல்லாம எப்படி ஆறுன்னாங்க. பக்கத்துல நின்ன ஒரு பெரியம்மா அம்மாவையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. அவங்க ஆத்தைக் காட்டி ஏதோ சொன்னாங்க, அம்மா தமிழ்ல ஏதோ சொன்னாங்க, ரெண்டு பேரும் தலையை ஆட்டிக்கிட்டாங்க. நான் மொழிபெயர்க்கப் போகல.

புரோக்கன் ஹில் வந்து சேர்ந்த அன்னைக்கு லாங் வீக்கெண்ட், பாதிக் கடை அடைப்பு. அக்கா கடையும்தான். மறுநாள் நீங்க கொடுத்த அதிரசத்துக்கு இன்னொரு தடவை நன்றி. மோட்டல் வாசல்ல வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, டபோவுல வாங்கின நாலு எலுமிச்சையை நாலு டயருக்கும் வச்சு நசுக்கினோம். பக்கத்து ரூம் கிழவர் பீர் கேனோட வெளியே வந்து, எலியா பாம்பான்னு விசாரிச்சார். பொண்ணுதான் விளக்கினா, எங்களைவிட நல்லா. சுண்டல் கொடுத்தோம். தன்னோட பிக்கப்புக்கும் ஒண்ணு வைக்க முடியுமான்னு கேட்டார். பழம் தீர்ந்துடுச்சு. அம்மா அந்த வண்டிக்குப் பொட்டு மட்டும் வச்சு விட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி புழுதி. ஊர் மேல மழை மாதிரி சிவப்பா இறங்குச்சு. கதவுக்கடியில ஈரத்துண்டைச் சுருட்டி வச்சோம், அப்படியும் காலையில தலையணையில தலை இருந்த இடம் மட்டும் வெள்ளையா இருந்துச்சு. அக்கா, ஊரைச் சுத்தி வேலி போட்டு வச்சிருக்கிற அந்தப் புதர்க்காடு பத்திச் சொன்னீங்களே, அதை மத்தவங்களுக்கும் எழுதுங்க.

மருந்துக்கடை அக்கா
17 அக்டோபர் 2019

அது ஆல்பர்ட் மோரிஸ்னு ஒருத்தர் செஞ்ச வேலை. சுரங்கத்துல உலோகம் சோதிக்கிற வேலையில இருந்தவர், செடி கொடின்னா உயிர். அப்பல்லாம் சுரங்கத்துக்காகச் சுத்தி இருந்த மரத்தையெல்லாம் வெட்டி, மிச்சத்தை ஆடும் முயலும் தின்னு, ஊரே மணல்ல புதையுற நிலை. 1936ல ஊரோரமா வேலி போட்டு, ஆடும் முயலும் உள்ள போகாமத் தடுத்து, இந்த மண்ணுச் செடிகளையே வளர விட்டார். பூ வாங்கி நட்டு அழகு பார்க்கல. மூணே வருஷத்துல அவர் செத்துப் போனார், காடு மட்டும் நின்னுடுச்சு. இந்த வறட்சியிலயும் அதுல உப்புப்புதர் சாம்பல் பூத்துக்கிட்டு உயிரோட இருக்கு. அதுவும் இல்லைன்னா உங்க தலையணை முழுக்கச் சிவந்திருக்கும். இங்க புழுதியில ஈயம் கலந்திருக்கும், அதனாலதான் பொண்ணைச் சாப்பிடறதுக்கு முன்னால ரெண்டு தடவை கை கழுவச் சொன்னேன்.

மருந்துக்கடை அக்கா
21 மார்ச் 2020

பழைய இழையைக் கிளப்புறேன், மன்னிச்சுக்குங்க. கடையில சானிடைசர் கேட்டு வாசல் வரைக்கும் வரிசை, ரெண்டு வாரமா வேற நினைப்பே இல்ல. ஆனா இதைச் சொல்லாம இருக்க முடியல. வடக்க பெய்ஞ்ச மழைத் தண்ணி டார்லிங்ல இறங்கி வில்கேனியா தாண்டி மெனிண்டீக்கு வந்துடுச்சு. போய்ப் பார்த்தேன். முன்னால நுரையும் குச்சியும் செத்தையும் தள்ளிக்கிட்டு, ஆள் நடக்கிற வேகத்துல, ஒரு சத்தம் இல்லாம வருது. வெடிப்புல இறங்கும்போது மட்டும் குடத்துல ஊத்துற மாதிரி சின்னதா ஒரு சத்தம். காஞ்ச ஆத்துல ஜனம் தண்ணிக்கு முன்னால பின்பக்கமா நடந்து நடந்து போகுது. அந்த ஆட்டுப் பண்ணைப் பெரியவர் செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னார்.

தம்பி, அம்மாகிட்ட சொல்லுங்க.

தூங்காபிக்காரன்
22 மார்ச் 2020

அம்மா டிசம்பர்லயே ஊருக்குப் போயிட்டாங்க அக்கா. இன்னைக்கு போன்ல சொன்னேன். எந்த ஆறுன்னு கேட்டாங்க. பாலத்துல நின்னோமே, அந்தப் பெரியம்மாகூடன்னேன். "ஓ, மணல் இல்லாத ஆறா"ன்னாங்க. அப்புறம், அந்தப் பெரியம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க.